உலாவி இணைப்பு வரம்பு

உலாவி இணைப்பு வரம்பு என்பது ஒரு வலை உலாவி ஒரே வழங்கியுடன் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கு விதிக்கப்படும் எல்லை ஆகும். இவ்வெல்லை இரு பக்கங்களில் இருந்து விதிக்கப்படுகின்றது. உலாவியை உருவாக்குவோர் அதனுள்ளேயே ஓர் எண்ணிக்கையை அமைத்து விடுகின்றனர். வழங்கியை நடத்துவோர் தம் வழங்கியின் கொள்ளளவைக் கருதி, ஒரு முகவரியிலிருந்தோ ஒரு பயனரிடமிருந்தோ வரும் இணைப்புகளுக்குத் தனியாக ஓர் எல்லையை வகுக்கின்றனர்.

ஒரு வழங்கியின் நினைவகமும் அதனுடன் இணையும் கம்பியின் பட்டையகலமும் அளவுக்கு உட்பட்டவை. அவற்றைப் பலருக்கும் பங்கிட்டுத் தருவதே இவ்வரம்பின் நோக்கம். உப்பளத்தில் உவர்நீரை மடை வைத்து ஒவ்வொரு பாத்திக்கும் அளவாக விடுவதுடன் இதனை ஒப்பிடலாம். மடையே இல்லையெனில் முதல் பாத்தி நிரம்பி வழியும், கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்கும். எனினும் பங்கீடு நேர்மையாக அமைவது, எண்ணிக்கை எவ்வளவு என்பதைக் காட்டிலும் எது எண்ணப்படுகின்றது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

வரம்பின் தேவை

ஒரு வலைப்பக்கம் ஒரே கோப்பாக வருவதில்லை. பக்கத்தின் உரை, படங்கள், பாணித்தாள்கள், நிரல்கள் ஆகியவை தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உலாவி ஒரு வேண்டுகோளை அனுப்பி, வழங்கியின் மறுமொழியைப் பெற வேண்டும். மீயுரைப் பரிமாற்ற நெறிமுறையின் (எச்.டி.டி.பி.) 1.0, 1.1 பதிப்புகளில் நடைமுறையில் ஓர் இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளே செல்லும். முந்தைய மறுமொழி வந்து முடிந்த பின்னரே அடுத்ததைக் கேட்க இயலும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பக்கத்தில் 60 சிறு படங்கள் உள்ளன என்றும், ஒரு வேண்டுகோள் போய் மறுமொழி வர 300 மில்லிநொடி ஆகின்றது என்றும் கொள்வோம். ஒரே இணைப்பு எனில் 18 நொடிகள் தேவைப்படும். இரண்டு இணைப்புகள் எனில் 9 நொடிகள், ஆறு எனில் 3 நொடிகள். ஆகவே பயனரின் பார்வையில் இணைப்புகள் கூடக்கூட நன்மையே.

வழங்கியின் பார்வை வேறானது. அப்பாச்சி வழங்கியின் பழைய அமைப்பு முறையில் ஒவ்வோர் இணைப்புக்கும் வழங்கி நிரலின் ஒரு பிரதி ஒதுக்கப்படும். இப்பிரதிகளின் இயல்பான உச்ச எண்ணிக்கை 256. ஒவ்வோர் உலாவியும் 2 இணைப்புகளைத் திறந்தால் 128 உலாவிகள் ஒரே நேரத்தில் இடம் பெறும். ஒவ்வொன்றும் 6 இணைப்புகளைத் திறந்தால் 42 உலாவிகளே எல்லா இடங்களையும் ஏறக்குறைய நிரப்பி விடும். மேலும், கேட்ட கோப்பு வந்து சேர்ந்த பின்னும் அடுத்த வேண்டுகோளை எதிர்பார்த்து இணைப்பு சிறிது நேரம் திறந்தே வைக்கப்படும். அப்பாச்சி 2.0 பதிப்பில் இக்காத்திருப்பு நேரம் 15 நொடிகளாக இருந்தது, 2.2 பதிப்பில் 5 நொடிகளாகக் குறைக்கப்பட்டது. பக்கத்தைப் படித்துக் கொண்டிருக்கும் ஒருவர் எதையும் கேட்காமலேயே ஆறு இடங்களைப் பிடித்து வைத்திருக்கும் நிலை இதனால் உண்டாகின்றது.

மூன்றாவது காரணம் பொதுக் கம்பியைப் பற்றியது. இணையத்தின் டி.சி.பி. நெறிமுறை, நெரிசலான கம்பியை ஏறத்தாழ இணைப்புக்கு ஒரு பங்காகப் பிரிக்கின்றது; ஆளுக்கு ஒரு பங்காக அன்று. ஒரே கம்பியில் ஒருவர் 6 இணைப்புகளையும் மற்றவர் 1 இணைப்பையும் திறந்தால், ஏழில் ஆறு பங்கு முதலாமவருக்கே போய்விடும்.

உலாவிப் பக்க வரம்பின் வரலாறு

நெட்ஸ்கேப் நேவிகேட்டர் உலாவியே ஒரே நேரத்தில் நான்கு இணைப்புகளைத் திறக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது. 1990களின் நடுப்பகுதியில் இது பக்கங்களை விரைவாகக் காட்டிய போதிலும், வழங்கிகளுக்குச் சுமையாக அமைந்தது.

1997 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2068, எச்.டி.டி.பி. 1.1 பதிப்பை வரையறுத்தது. ஓர் இணைப்பைப் பல வேண்டுகோள்களுக்கு மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் நிலைத்த இணைப்பு முறை இதில் இயல்பான நடைமுறையாக ஆக்கப்பட்டது. அவ்வாறு இணைப்பு நிலைத்திருப்பதால் பல இணைப்புகள் தேவையில்லை எனக் கருதி, தனிப் பயனரின் உலாவி எந்த ஒரு வழங்கியுடனும் இரண்டுக்கு மேற்பட்ட நிலைத்த இணைப்புகளை வைத்திருக்கலாகாது எனவும் அது அறிவுறுத்தியது. 1999 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 2616 இதே விதியைத் தொடர்ந்தது. பல பயனர்களுக்காகச் செயற்படும் பதிலி வழங்கிக்கு மட்டும், பயனர் எண்ணிக்கையின் இரு மடங்கு வரை இணைப்புகள் ஏற்கப்பட்டன.

பக்கங்களில் படங்களும் நிரல்களும் பெருகிய பின்னர் இரண்டு என்னும் எண் போதவில்லை. முதன்மை உலாவிகளில் ஒரு வழங்கிக்கு அமைந்த இயல்பான எண்ணிக்கை பின்வருமாறு:

- இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 7: எச்.டி.டி.பி. 1.1 வழங்கிகளுடன் 2
- பயர்பாக்ஸ் 2 (2006): 2
- பயர்பாக்ஸ் 3 (2008): 6
- கூகுள் குரோம் (2008): 6
- இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 (2009): அகலப்பட்டையில் 6, தொலைபேசிவழி இணைப்பில் 2

இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 இணைப்பின் வகையைப் பார்த்து எண்ணிக்கையை மாற்றியது குறிப்பிடத்தக்கது. மெல்லிய கம்பியில் ஆறு இணைப்புகளைத் திறந்தால் அவை ஒன்றையொன்று நெருக்கிக் கொள்ளுமேயன்றி வேகம் கூடாது. 2000களில் விண்டோஸ் பதிவேட்டிலோ பயர்பாக்ஸ் அமைப்புப் பக்கத்திலோ இவ்வெண்ணைக் கூட்டி உலாவியை வேகப்படுத்தும் குறிப்புகள் கணினிப் பயனர்களிடையே பரவலாக வழங்கின. அவற்றைப் பின்பற்றிய ஒருவர் பெற்ற வேகத்தின் ஒரு பகுதி, அதே வழங்கியையோ அதே கம்பியையோ பயன்படுத்திய மற்றவரின் பங்கிலிருந்து வந்ததே ஆகும்.

2014 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 7230, குறிப்பிட்ட ஓர் எண்ணை விதிப்பது நடைமுறைக்கு ஒவ்வவில்லை எனக் கூறி, இரண்டு என்னும் விதியை நீக்கியது. இணைப்புகளைச் சிக்கனமாகத் திறக்க வேண்டும் என்ற பொது அறிவுரை மட்டுமே எஞ்சியது. எனினும் எச்.டி.டி.பி. 1.1 இணைப்புகளுக்கு ஆறு என்னும் எண் முதன்மை உலாவிகளில் இன்றும் வழக்கில் உள்ளது.

களப்பெயர்ப் பகிர்வு

வரம்பு ஒவ்வொரு வழங்கிப் பெயருக்கும் தனித்தனியாக எண்ணப்படுகின்றது. இதனைப் பயன்படுத்தித் தள வடிவமைப்பாளர்கள் ஒரே வழங்கிக்கு மூன்று நான்கு துணைக் களப்பெயர்களைச் சூட்டி, படங்களை அவற்றினிடையே பிரித்து வைத்தனர். பெயர் நான்கு என்றால் ஓர் உலாவி 24 இணைப்புகள் வரை திறக்கும். பெயர்களை எண்ணும் விதி, பெயர்களைப் பெருக்குவதன் மூலம் தாண்டப்பட்டது. இம்முறை களப்பெயர்ப் பகிர்வு எனப்படுகின்றது.

ஒரே இணைப்பில் பல ஓடைகள்

2015 மே மாதம் ஆர்.எஃப்.சி. 7540 வழியாக வெளியான எச்.டி.டி.பி. 2 இச்சிக்கலை வேறு வகையில் அணுகியது. இதில் ஒரே இணைப்பினுள் பல வேண்டுகோள்கள் தனித்தனி ஓடைகளாக ஒரே நேரத்தில் செல்ல முடியும். எனவே உலாவி ஒரு வழங்கியுடன் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளைத் திறக்க வேண்டியதில்லை என இந்நெறிமுறை கூறுகின்றது. ஓடைகளின் எண்ணிக்கைக்கு வழங்கியே வரம்பு கூறும்; அவ்வரம்பு 100க்குக் குறையாதிருத்தல் நன்று எனப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. 2022 ஜூனில் ஆர்.எஃப்.சி. 9114 வழியாக வெளியான எச்.டி.டி.பி. 3, டி.சி.பி.க்கு மாற்றாகக் குயிக் நெறிமுறையின் மீது இதே கருத்தைச் செயற்படுத்துகின்றது. களப்பெயர்ப் பகிர்வு இவ்விரு பதிப்புகளிலும் பயனற்றது. பல நேரங்களில் தடையாகவும் அமையும்.

பழைய பதிப்பில் இயங்கும் தளங்களில் வரம்பின் விளைவை இன்றும் காணலாம். புதிய செய்திகளை உடனுக்குடன் காட்டுவதற்காக ஓர் இணைப்பை முடிவின்றித் திறந்து வைத்திருக்கும் பக்கத்தை ஆறு தத்தல்களில் திறந்தால், ஆறு இணைப்புகளும் தீர்ந்து விடும். ஏழாவது தத்தலில் அத்தளம் ஏற்றம் பெறாமல் நின்று விடும். வழங்கி பழுதாகி விட்டது எனப் பயனர் எண்ணக் கூடும். உண்மையில் காத்திருப்பு அவரது உலாவியினுள்ளேயே நிகழ்கின்றது.

வழங்கிப் பக்க வரம்பு

உலாவியின் நல்லொழுக்கத்தை மட்டும் நம்பி வழங்கியை நடத்த இயலாது. எனவே வழங்கி மென்பொருள்கள் தமக்கென வரம்புகளைக் கொண்டுள்ளன. இவை இருவகைப்படும்.

முதல் வகை மொத்த வரம்பு. அப்பாச்சியில் மேக்ஸ்கிளையண்ட்ஸ் என வழங்கிய அமைப்பு இதனைக் குறிக்கும். 2.4 பதிப்பில் இதன் பெயர் மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் என மாற்றப்பட்டது. எல்லா இடங்களும் நிரம்பிய பின் வருவோர் இயங்குதளத்தின் காத்திருப்பு வரிசையில் நிற்பர். அவ்வரிசையும் நிரம்பினால் புதிய இணைப்புகள் ஏற்கப்படா.

இரண்டாம் வகை ஒருவருக்கான வரம்பு. 2004ஆம் ஆண்டு இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வழங்கியில் லிமிட் கான் என்னும் கூறு ஒரு முகவரிக்கான இணைப்புகளை எண்ணுகின்றது. லிமிட் ரெக் என்னும் கூறு குறித்த நேரத்தில் வரும் வேண்டுகோள்களை எண்ணுகின்றது. அப்பாச்சிக்கு இப்பணியைச் செய்யும் கூடுதல் கூறுகளைப் பிறர் எழுதியுள்ளனர். லினக்ஸ் இயங்குதளத்தின் தீயரணிலும் கான்லிமிட் என்னும் கூறு உள்ளது. இது இணைப்பு வழங்கி நிரலை அடையும் முன்னரே தடுத்து விடும்.

என்ஜின்எக்சின் எண்ணும் முறையில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. வேண்டுகோளின் தலைப்பகுதி முழுவதும் வந்து சேர்ந்த இணைப்பு மட்டுமே எண்ணப்படும். எச்.டி.டி.பி. 2 இணைப்பில் ஒரே நேரத்தில் நடக்கும் ஒவ்வொரு வேண்டுகோளும் தனி இணைப்பாக எண்ணப்படும். ஆதலால் பழைய பதிப்பைக் கருதி வைத்த சிறிய எண், புதிய பதிப்புக்கு மாறிய பின் ஒழுங்கான உலாவிகளையே மறுக்கக் கூடும்.

வரம்பைத் தாண்டியவருக்கு 503 என்னும் நிலைக்குறி அனுப்பப்படுவது வழக்கம். சேவை தற்போது இல்லை என்பது இதன் பொருள். 2012 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6585 வழியாக 429 என்னும் குறி சேர்க்கப்பட்டது. அளவுக்கு மிஞ்சி வேண்டுகோள்கள் வந்துள்ளன என்பது இதன் பொருள். எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் முயல வேண்டும் என்பதையும் மறுமொழியில் சேர்த்து அனுப்பலாம். அத்தகவல் இல்லாதபோது பயனர் பக்கத்தை உடனே புதுப்பிக்கத் தொடங்குவார். இதனால் சுமை மேலும் கூடும்.

எதை எண்ணுவது?

ஒருவருக்கான வரம்பு பெரும்பாலும் ஐ.பி. முகவரியைக் கொண்டே கணக்கிடப்படுகின்றது. ஒரு முகவரி என்பது ஓர் ஆள் என்ற ஊகம் இதில் அடங்கியுள்ளது. இவ்வூகம் பல இடங்களில் பொருந்துவதில்லை. பள்ளிக் கணினிக்கூடம், பிரவுசிங் சென்டர் எனப்படும் இணைய மையம், அலுவலகம், விடுதி ஆகியவற்றில் பல கணினிகள் ஒரு திசைவியின் பின்னிருந்து ஒரே பொது முகவரியில் வெளிச்செல்கின்றன. கைப்பேசி நிறுவனங்களும் முகவரிப் பற்றாக்குறையால் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரியின் பின்னால் வைக்கின்றன.

எடுத்துக்காட்டாக, 30 கணினிகள் கொண்ட ஒரு பள்ளிக் கூடத்தில் மாணவர்கள் ஒரே தளத்தைத் திறக்கின்றனர் எனக் கொள்வோம். ஒவ்வோர் உலாவியும் ஆறு இணைப்புகளைத் திறந்தால் ஒரே முகவரியிலிருந்து 180 இணைப்புகள் செல்லும். முகவரிக்கு 20 என வழங்கி வரம்பு வைத்திருந்தால், மூன்று கணினிகளே 18 இடங்களை எடுத்துக் கொள்ளும். மற்ற 27 கணினிகளுக்கு எஞ்சுவது 2 இடங்கள். வீட்டில் தனி இணைப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு இதே வரம்பு கண்ணில் படுவதே இல்லை. இணைப்பைப் பகிர்ந்து கொள்வோர் பெரும்பாலும் தனி இணைப்புக்கு வசதி இல்லாதவர்கள் என்பதால், சமமாகத் தோன்றும் விதி அவர்களையே முதலில் தடுக்கின்றது.

ஐ.பி. பதிப்பு 6 பரவும்போது இக்குறை தணிகின்றது. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைப்பதே காரணம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு சேவை தொடங்கிய ஜியோ நிறுவனம் இப்பதிப்பைப் பெருமளவில் பயன்படுத்தியது. ஆயினும் இதில் ஒருவரே எண்ணற்ற முகவரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியும். எனவே தனி முகவரிக்குப் பதிலாக முகவரியின் முற்பகுதியைக் கொண்டு எண்ணுவது வழக்கம்.

இந்தியாவில் சில நிகழ்வுகள்

தொடர்வண்டிப் பயணச்சீட்டு

ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2002 ஆகஸ்டில் இணையவழிப் பயணச்சீட்டு வழங்கத் தொடங்கியது. தட்கல் முன்பதிவு தொடங்கும் நேரத்தில் இதன் வழங்கிகளுக்கு வரும் நெரிசல் நன்கு அறியப்பட்டது. 2014 ஆகஸ்டில் அறிமுகமான புதிய அமைப்பின் கொள்ளளவு, ஒரே நேரத்தில் 40,000 பயனர்கள் என்பதிலிருந்து 1,20,000 பயனர்களாகவும், நிமிடத்துக்கு 2,000 சீட்டுகள் என்பதிலிருந்து 7,200 சீட்டுகளாகவும் உயர்த்தப்பட்டது.

கொள்ளளவைக் கூட்டியதோடு நிற்காமல், கூட்டத்தை நேரத்தால் பிரிக்கும் முறையும் கையாளப்பட்டது. 2015 ஜூன் 15 முதல் குளிர்சாதன வகுப்புகளுக்குத் தட்கல் பதிவு காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகின்றது. ஒரு பயனர் பெயரில் ஒரே நேரத்தில் ஓர் அமர்வு மட்டுமே ஏற்கப்படும் என்பதும் ஒருவகை இணைப்பு வரம்பே. இங்கு முகவரிக்கு மாற்றாகக் கணக்கு எண்ணப்படுகின்றது. ஒருவரே பல கணக்குகளை வைத்திருந்து இவ்வரம்பைத் தாண்ட முடியும். 2025 ஜூலை 1 முதல் ஆதார் வழியாகச் சரிபார்க்கப்பட்ட பயனர்கள் மட்டுமே இணையத்தில் தட்கல் சீட்டு எடுக்கலாம் என விதி மாற்றப்பட்டது. இதனால் எண்ணப்படும் பொருள் கணக்கிலிருந்து ஆளுக்கு மாறியது.

கோவின் தளம்

கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தில், 18 முதல் 44 வயது வரையிலானோருக்கான பதிவு 2021 ஏப்ரல் 28 அன்று மாலை 4 மணிக்குத் தொடங்கியது. தொடங்கிய சிறிது நேரம் தளம் தடுமாறியது. அன்றைய நாளிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். தடுப்பூசி இடங்கள் குறைவாக இருந்தமையால், காலியிடத்தைக் கண்டறியத் தானியங்கி நிரல்கள் பல எழுதப்பட்டன. அவை கோவினின் பொது இடைமுகத்தை ஓயாமல் வினவின. ஒரு முகவரியிலிருந்து 5 நிமிடங்களுக்கு 100 வினவல்கள் மட்டுமே என வரம்பு விதிக்கப்பட்டது. 2021 மே மாதத் தொடக்கத்தில், பொது இடைமுகம் தரும் காலியிட விவரம் 30 நிமிடங்கள் வரை பழையதாக இருக்கலாம் எனவும் அறிவிக்கப்பட்டது. அரை மணி நேரம் பழைய விவரம், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் இடங்களைத் தேடியவருக்குப் பெரிதும் உதவவில்லை. வழங்கியைக் காக்கும் வரம்பு, அதன் சேவையின் பயனைக் குறைக்கவும் கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தமிழ்நாட்டுத் தேர்வு முடிவுகள்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகின்றனர். முடிவு வெளியாகும் நிமிடத்தில் அனைவரும் ஒரே தளத்தை நாடுவர். இங்கு ஒருவருக்கான வரம்பை இறுக்குவதால் பயன் சிறிதே. ஏனெனில் ஒவ்வொருவரும் கேட்பது ஒரே ஒரு சிறு பக்கம்தான். எனவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் முடிவுகள் தேசியத் தகவலியல் மையத்தின் தளம் உட்படப் பல தளங்களில் ஒரே நேரத்தில் வெளியிடப்படுகின்றன. மாணவர் பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும் மதிப்பெண்கள் அனுப்பப்படுகின்றன. குறுஞ்செய்தி பெற்றவர் தளத்தைத் திறக்க வேண்டிய தேவை குறைகின்றது.

ஒருமுறை பெற்றுப் பலருக்கு வழங்கல்

வரம்புக்கு உட்பட்டுப் பலருக்கும் தகவலைச் சேர்க்கும் பழைய வழி இடைச்சேமிப்பு ஆகும். பதிலி வழங்கி ஒரு கோப்பை ஒருமுறை பெற்று வைத்துக் கொண்டு, பின்னர் கேட்போருக்குத் தன்னிடமிருந்தே தரும். 30 கணினிகள் உள்ள பள்ளியில் ஒரு பதிலி வழங்கி இருப்பின், மாறாத கோப்புகளுக்குத் தொலைவிலுள்ள வழங்கியிடம் ஒருமுறை கேட்டால் போதும். ஆனால் மறையீடு செய்யப்பட்ட இணைப்புகளின் உள்ளடக்கத்தை இடையிலுள்ள பதிலி வழங்கி பார்க்க இயலாது என்பதால், அவை பரவலான பின் இவ்வழி பெரிதும் சுருங்கியது. அப்பணியைத் தள உரிமையாளரே அமர்த்தும் உள்ளடக்க வினியோக வலையமைப்புகள் இன்று செய்கின்றன.

இதே கருத்து கணினிக்கு வெளியேயும் செயற்பட்டுள்ளது. மரக்காணம், குயிலாப்பாளையம் ஆகிய ஊர்களைக் கொண்ட கடலோரப் பகுதியை அடுத்துள்ள புதுச்சேரியில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு ஊரகத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவ மையமாக விளங்கியது. ஊர் மையங்கள் அதனுடன் வானொலி அலை வழியாக இணைக்கப்பட்டன. வங்கக்கடலின் அலை உயரம் பற்றிய அமெரிக்கக் கடற்படையின் முன்னறிவிப்பு வில்லியனூரில் இணையத்திலிருந்து இறக்கப்பட்டு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கப்பட்டது. ஓர் இணைப்பில் பெற்ற தகவல் ஓர் ஊர் முழுவதற்கும் பயன்பட்டது.

2021ஆம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த ஒரு நிரலாளர் கோவின் காலியிடங்களை ஒரு நிரலால் வினவி, டெலிகிராம் வழியாகப் பல ஊர்களில் உள்ளோருக்கு அறிவித்ததும் இவ்வகையினதே. ஒருவர் கேட்டுப் பலருக்குச் சொல்வதால் வழங்கியின் மொத்தச் சுமை குறையும். ஆனால் முகவரியை எண்ணும் விதி, பலருக்காகக் கேட்கும் இத்தகைய நிரலையும் தனக்காக ஓயாமல் கேட்கும் நிரலையும் வேறுபடுத்தி அறியாது.

தாக்குதல்களும் வரம்புகளும்

2009 ஜூனில் ராபர்ட் ஹேன்சன் வெளியிட்ட சுலோலோரிஸ் என்னும் நிரல், வேண்டுகோளின் தலைப்பகுதியை முடிக்காமல் சிறிது சிறிதாக அனுப்பி, அப்பாச்சியின் எல்லா இடங்களையும் ஒரே கணினியிலிருந்து பிடித்துக் கொள்ளும் திறன் கொண்டிருந்தது. முழுமையான வேண்டுகோள்களை மட்டும் எண்ணும் வரம்பு இதனைக் காணாது. தலைப்பகுதி வந்து சேரக் கால எல்லை வைப்பதே இதற்குரிய தடுப்பு. அப்பாச்சி 2.2.15 பதிப்பில் இதற்கெனத் தனிக் கூறு சேர்க்கப்பட்டது.

2023 அக்டோபரில் எச்.டி.டி.பி. 2 பதிப்பின் ஒரு குறைபாடு வெளியிடப்பட்டது. ஓடையைத் திறந்தவுடன் அதனை நீக்கி, மீண்டும் மற்றொன்றைத் திறப்பதே அத்தாக்குதலின் முறை. நீக்கப்பட்ட ஓடை கணக்கில் வராததால், ஒரே நேரத்தில் 100 ஓடைகள் என்ற வரம்பு ஒருபோதும் மீறப்படவில்லை. ஆனால் வழங்கியோ ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் பணியைத் தொடங்கி விட்டிருந்தது. கூகுள் நிறுவனம் இவ்வகைத் தாக்குதலில் நொடிக்கு 39.8 கோடி வேண்டுகோள்களைக் கண்டதாக அறிவித்தது. திறந்திருக்கும் ஓடைகளை மட்டுமன்றி, நீக்கப்படும் ஓடைகளையும் எண்ணுமாறு வழங்கி மென்பொருள்கள் பின்னர் திருத்தப்பட்டன.

வரம்பை அமைத்தல்

ஒரு சிறு தளத்தை நடத்துவோர் வரம்பை அமைக்கும்போது பொதுவாகக் கருதுபவை:

- மொத்த வரம்பு நினைவகத்தைக் கொண்டு கணக்கிடப்பட வேண்டும். ஒரு பிரதி 20 மெகாபைட் எடுத்துக் கொண்டால் 256 பிரதிகளுக்கு ஏறத்தாழ 5 கிகாபைட் தேவை.
- ஒரு முகவரிக்கான வரம்பு, ஓர் உலாவியின் ஆறு இணைப்புகளைக் காட்டிலும் பல மடங்கு கூடுதலாக இருத்தல் நன்று. பொது முகவரியின் பின்னுள்ள பள்ளிகளும் மையங்களும் இதனால் தடைப்படா.
- படங்கள் போன்ற எளிய கோப்புகளுக்குத் தளர்ந்த வரம்பும், தரவுத்தளத்தை வினவும் பக்கங்களுக்கு இறுக்கமான வரம்பும் பொருந்தும்.
- புகுபதிகை உள்ள தளங்களில் முகவரியைக் காட்டிலும் பயனர் கணக்கை எண்ணுவது நேர்மையானது.
- மறுக்கப்பட்ட வேண்டுகோள்களின் பதிவேட்டைப் பார்வையிட வேண்டும். ஒரே முகவரி பல உலாவி வகைகளுடன் மறுக்கப்பட்டிருப்பின், அது தாக்குதலாக அன்றிப் பலர் பகிரும் முகவரியாக இருக்கக் கூடும்.

இவற்றையும் பார்க்க

- மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை
- வலை வழங்கி
- பதிலி வழங்கி
- ஐ.பி. முகவரி
- சேவை மறுப்புத் தாக்குதல்